கொழுந்து கிள்ளிய கிழங்குச் செடிகள்

எனக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது ஐயா, வாயுத் தொல்லை. ஆனால் அதன் இலையில் நோயைக் கண்டுபிடிக்க என்னை மிஞ்ச ஊட்டியில் ஆளில்லை. இலங்கையில், பதுளையில் இருபது வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்த கண் இது.

எழுபத்தெட்டில் மண்டபம் முகாமிலிருந்து வந்த என்னைக் கிழங்கு ஆராய்ச்சிப் பண்ணையில் சேர்த்துக்கொண்டவர் டாக்டர் பியாட்ரிஸ் அம்மா. தேமல் வைரஸ் பிடித்த செடிகளை நான் எண்ணிச் சொல்வேன். அவர் அதை அட்டையில் துளையாகப் போட்டுக் கோயம்புத்தூர் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார். அடுத்து எந்தத் தோட்டத்தில் நோய் வரும் என்று அது பட்டியல் அனுப்பும். பட்டியல் பலித்தால் ஆராய்ச்சி தொடரும், என் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் பட்டியலில் நல்லசாமி தோட்டம். போய்ப் பார்த்தால் செடியெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அம்மா மேஜையில் கவிழ்ந்து அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை நோய் இலையைக் கசக்கிக் கையில் பூசிக்கொண்டு, நல்லசாமியின் பாத்திகளில் தடவியபடியே நடந்தேன். பாவம், மனுஷன் டீயெல்லாம் கொடுத்தார்.

“ஏனுங்க வீரம்மா, செடியெல்லாம் நல்லாப் பாத்தீங்களா?”

“ஒண்ணு விடாம தொட்டுப் பாத்துட்டேங்க,” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அந்தத் தோட்டம் போனது. அவர் மகள் கல்யாணம் நின்றது. அவர் மசினகுடிப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார். எனக்கும் வருத்தம்தான். கம்ப்யூட்டர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? இப்படிப் பதினோரு தோட்டம் பலித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பன்னிரண்டாவதாகப் பட்டியலில், பூச்சி நுழையாதபடி கட்டிய எங்கள் பண்ணை வலைக்கூடே வந்தது. இந்த மலை முழுவதுக்கும் அடுத்த வருஷ விதைக்கிழங்கு அதற்குள்தான் இருந்தது. குன்னூர் போயிருந்த அம்மா மறுநாள் வந்து பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

“அட்டையில துளை தப்பா விழுந்திருக்கு வீரம்மா. வலைக்குள்ள வைரஸ் எப்படிப் போகும்?”

“நேத்தே போயிருச்சுங்கம்மா,” என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

நோய் வந்த செடிகளில் எல்லாம் தேயிலைக் கொழுந்தெடுப்பதுபோல இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளியிருந்ததை வைத்து நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். பதுளைப் பழக்கம், செடியைக் கண்டால் விரல் சும்மா இருக்காது.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். செடியைக் கெடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பொய்க் கணக்கா? அது பாவமில்லையா ஐயா?