மேல் ஆராய்ச்சி தேவை

— ஓடுச்சா, இல்ல ஓடுற மாதிரி சத்தம் மட்டும் போட்டுச்சா?

— ஓடுச்சுங்க கிராணி ஐயா. ரப்பர் பால் ஸ்டோர் வாசல்ல கெளம்பி பொகை வீடு வரைக்கும் போச்சு. எங்க வீட்டுக்காரரு திருப்பி ஓட்டிக்கிட்டும் வந்தாரு. நல்லா கேளுங்க, ரப்பர் எண்ணெயில லோரி ஓடுது. மரத்துல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பாலு நாறுற நாத்தத்துக்கு இத்தன வருசம் கழிச்சு ஒரு அர்த்தம் வந்துருச்சு.

— யாராச்சும் பாத்தாங்களா?

— கோழிங்க பாத்துச்சு. ஏன் ஐயா மொகம் இப்படிப் போகுது? சந்தோசப்படுவீங்கன்னுல்ல ஓடியாந்தேன்.

— மயிலம்மா, உக்காரு. கணக்கு எழுதுற கிராணி நான், இந்த எஸ்டேட்டுல ஆராய்ச்சி நெலையம்னு ஒண்ண எதுக்கு ஆரம்பிச்சேன்?

— சயாமுல ரயில் ரோடு போட ஜப்பான்காரன் ஆள் புடிக்கிறான். ஆராய்ச்சி பண்றவங்களப் புடிக்க மாட்டான்னீங்க. அதனால லயத்து வீடுங்கள்ல இருக்குற எல்லாரும் ஆராய்ச்சி பண்றோம்.

— எதுவரைக்கும் புடிக்க மாட்டான்?

— ஆராய்ச்சி முடியிற வரைக்கும்.

— இப்ப உன் எண்ணெய் லோரிய ஓட்டிருச்சு.

— ஐயோ.

— ஆங். இப்ப ஏறுச்சா மண்டையில?

— நான் வேணும்னா செஞ்சேன்? இது சம்சு காய்ச்சுன கை, ஐயா. ட்ரம்முல ஒட்டுப்பாலப் போட்டு மூடித் தீய வெச்சா, ஆவி கொழாயில வருது, தண்ணியில குளுந்து சொட்டுது. சாராயமா இருந்தா என்ன, எண்ணெயா இருந்தா என்ன, எனக்கு ஒழுங்காக் காய்ச்சத்தான் தெரியும். கெடுத்துக் காய்ச்சணும்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்லா.

— சொல்லணும்னே தோணல. ஒரு ஆராய்ச்சியும் பலிக்காதுங்கிற நம்பிக்கையிலதான் மொத்த நெலையத்தையும் கட்டினேன். நான் படிச்ச பள்ளிக்கூடத்து சயன்ஸ் ரூம்ல எதுவுமே பலிச்சதில்ல. வாத்தியாரு பலகையில பலிச்ச மாதிரி எழுதிப் போடுவாரு, நாங்க பாத்து எழுதுவோம்.

— இப்ப சிரிக்க முடியல, ஐயா. போன வருசம் எங்க கொழுந்தன லோரியில ஏத்துறப்ப, சீக்கிரமே திரும்பிடலாம்னாங்க. அவரு பொஞ்சாதி இன்னமும் கெழங்கு அவிச்சா ஒரு தட்டு கூடுதலா வெக்கிறா. அவருக்கு அடுத்த பேரு எங்க வீட்டுக்காரரோடது.

— அதனாலதானே முருகையாவ எரிசக்திப் பிரிவுக்குத் தலைவராப் போட்டேன்.

— தலைவரு அவரு. அடுப்பு ஊதுறது நானு.

— உலகம் பூரா ஆராய்ச்சி அப்படித்தான் நடக்குது. சரி, அழுவாத. ஜப்பான்கார ஆபீசர் மொரிதா தொரை ஒம்பது மணிக்கு வந்து லோரி ஓடுதான்னு பாக்கப் போறாரு.

— ஒம்பதுக்கா? அப்ப நேரம் இருக்கே.

— டோக்கியோ நேரம் ஒம்பது.

— நம்ம நேரம்?

— ஏழரை.

— அதான பாத்தேன்.

— கவனமாக் கேளு. அந்த எண்ணெய் எங்க இருக்கு?

— டேங்குல ஊத்துனது தீந்துபோச்சு. மிச்சம் ஒரு பாட்டில். காய்ச்சுனதும் எப்பவும் வெக்கிற எடத்துல வெச்சாச்சு. யாரும் கை வெக்க மாட்டாங்க.

— நல்லது. அது அங்கயே கெடக்கட்டும். இந்தா, இந்தப் பாட்டில மேசை மேல வை.

— இது என்ன ஐயா, அதே நெறமா இருக்கு?

— மரவள்ளி அவிச்ச தண்ணி. கொஞ்சம் சோளக் காப்பி கலந்திருக்கேன். தொரை வருவாரு. முருகையா இத ஊத்துவாரு. லோரி இருமும், நிக்கும். இன்னும் ஒரு வருசம் வேணும்னு நான் எழுதுவேன்.

— லோரி கெட்டுப் போச்சுன்னா?

— கெட்டா ரொம்ப நல்லது. ரிப்பேருக்குன்னு தனியா ஒரு பிரிவு ஆரம்பிக்கலாம். ஆளுங்கள வேல வாங்குற மண்டோர் இராஜமாணிக்கம் ரொம்ப நாளா ஒரு பதவி கேக்குறாரு.

— எங்க வீட்டுக்காரருகிட்ட விசயத்தச் சொல்லிடவா?

— வேணாம். பொய் சொன்னா அவருக்குக் காது செவக்குது. மேசையில இருக்கறத ஊத்தச் சொல்லு, போதும்.

— சொல்லிட்டு வந்துர்றேன்... சொல்லிட்டேன். ஐயா, காரு சத்தம். வந்துட்டாரு. என்ன பாஷையில பேசுவாரு?

— மலாய்தான். நமக்குத் தெரிஞ்ச அளவுதான் அவருக்கும் தெரியும், அதனால நல்லாப் புரியும். தலையக் குனி. இன்னும். ஒஹாயோ, துவான்.

— கிராணி அமலதாஸ். ஆராய்ச்சி நடக்கிறதா?

— இராப்பகலா நடக்குது, துவான்.

— சுகாதாரப் பிரிவு?

— நல்லசாமி, துவான். கொசு யாரக் கடிக்குது, யார விடுதுன்னு சட்டையக் கழட்டிட்டு உக்காந்து பாக்குறான்.

— முடிவு?

— அவனத்தான் கடிக்குது, துவான். ஏன்னு இன்னும் தெரியல. மேல் ஆராய்ச்சி தேவை.

— நல்லது. விவசாயம்?

— பஞ்சாலைன்னு ஒரு பொம்பள, துவான். மரவள்ளித் தோட்டத்துல ஒரு பாதிக்கு மட்டும் ஜப்பான் பாட்டு பாடுறா. எந்தப் பாதி நல்லா வெளையுதுன்னு பாக்கணும்.

— எது?

— பாட்டு கேட்ட பாதிய பன்னி தோண்டித் தின்னுருச்சு, துவான். பாட்டு கேக்காத பாதிய நாங்க தின்னுட்டோம். மறுபடியும் நட்டிருக்கோம்.

— ஆக, முடியவில்லை.

— முடியல, துவான்.

— மிக நல்லது. சமுதாயம்?

— அர்ச்சுனன். லயத்துல தண்ணிக் கொழாய்கிட்ட ஏன் சண்டை வருதுன்னு ஆராயுறாரு. போன வாரம் ரொம்பக் கிட்டக்கப் போயி ஆராய்ஞ்சதுல பல்லு போயிருச்சு. இப்ப சுகாதாரப் பிரிவு அவர ஆராயுது.

— முடியவில்லை?

— எப்படி முடியும், துவான்? ஒரே ஒரு கொழாய்தானே இருக்கு.

— நல்லது, நல்லது. இப்போது எரிசக்தி. வண்டி எங்கே?

— அதோ நிக்குது, துவான். டேங்கு காஞ்சு கெடக்கு, நீங்களே எட்டிப் பாக்கலாம். தலைவர் முருகையா இப்ப எண்ணெயை ஊத்துவாரு. பெருசா எதிர்பாக்க வேணாம்.

— நான் எதிர்பார்க்கவில்லை.

— ரொம்ப நன்றி, துவான். முருகையா, ஆரம்பிங்க... மயிலம்மா, இங்க வா. மெதுவாப் பேசு. உன் வீட்டுக்காரரு பாட்டில மேசையிலயே விட்டுட்டு எங்க போறாரு?

— முனிகிட்ட, ஐயா.

— இப்ப எதுக்கு முனி?

— என்ன ஐயா, மாதா கோயிலுக்குப் போற வேதக்காரரா இருந்தா இதுகூடவா தெரியாது? லோரிய எடுக்குறதுக்கு முன்னாடி மரத்தடி முனியக் கும்புடாம எந்த டிரைவரு எடுத்திருக்கான்? ஒரு சூடத்தக் காட்டிட்டு வந்துருவாரு. காலையில கோழிங்க முன்னாடி ஓட்டுனப்பவும் கும்புட்டுட்டுத்தான் எடுத்தாரு.

— சரி, கும்புடட்டும். ஆனா கையில ஏதோ எடுத்துக்கிட்டு வராரு?

— மொத பாட்டில்.

— எதோட மொத பாட்டில்?

— சம்சு காய்ச்சினாலும் மொத பாட்டில் முனிக்குத்தான் படைப்பேன், ஐயா. அந்தக் கை பழக்கம். எண்ணெயும் அப்படியே...

— எப்பவும் வெக்கிற எடம்னு சொன்னியே. அது முனி காலடியா?

— அங்க வெச்சா யாரும் தொட மாட்டாங்கல்ல.

— இப்ப தொட்டுட்டாரே.

— படைச்சதுதானே ஐயா, கும்புட்டவரு எடுத்துக்கலாம். நல்ல காரியத்துக்குப் பிரசாதத்தத்தான் மொதல்ல ஊத்துவாரு. எனக்குத் தோணவே இல்ல.

— மாதாவே. முருகையா, அது வேணாம், மேசையில... முருகையா.

— ஊத்திட்டாரு ஐயா.

— இருமுது. இருமுது, மயிலம்மா. நின்னாலும் நின்னுரும்.

— நிக்காது. நான் காய்ச்சுனது.

— கெளம்பிருச்சு.

— எங்க முனி கைய விட்டுட்டாரே, ஐயா. கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு.

— கிராணி.

— துவான்.

— வண்டி மேட்டில் ஏறுகிறது.

— ஏறுது, துவான். மன்னிக்கணும்.

— எதற்கு மன்னிப்பு?

— தெரியல, துவான். எண்ணெய் நல்லா இருக்கறதுக்கு.

— மேட்டில் வேகம் குறையவே இல்லை.

— தொரை, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. காய்ச்சுனது நானு. சயாமுக்கு ஆளு வேணும்னா என்னக் கூட்டிட்டுப் போங்க. மண்ணு சொமப்பேன், சோறு ஆக்குவேன். அவர விட்டுருங்க.

— இந்த அம்மா யார்?

— எரிசக்திப் பிரிவு, துவான்.

— தலைவர் என்று வேறு பெயர் சொன்னாய்.

— தலைவரு லோரியில போறாரு. வேலை இவங்க செய்றாங்க.

— புரிகிறது. எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். அம்மா, அழ வேண்டாம். போருக்கு முன்னால் நான் நத்தைகளை ஆராய்ந்தேன். நத்தை ஏன் மெதுவாகப் போகிறது.

— ஏன் மெதுவாப் போகுது, தொரை?

— அதைத்தான் வெகுநாள் யாரும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தேன். பிறகு கேட்டார்கள், எழுதி முடித்தேன். அந்த மாதமே பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். இந்த நிலையம் மூடினால் உங்களுக்குச் சயாம். எனக்குப் பர்மா. அங்கே சுடுகிறார்கள். கிராணி, எழுது.

— என்னன்னு, துவான்?

— வண்டி ஓடவில்லை.

— துவான், சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

— ஓடவில்லை. மேல் ஆராய்ச்சி தேவை. எழுதினாயா?

— எழுதிட்டேன், துவான்.

— நல்லது. இனி முருகையாவை வண்டியைத் திருப்பச் சொல். என் காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது, என்னை லுக்குட் ஊரில் இறக்கிவிட வேண்டும்.