பெயிண்ட் காயும் வரை

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான், அத்தான், கொஞ்ச நேரத்துக்கு அக்கா. காரையும் சேர்த்தால் நாலு பேர். நான் சேர்ப்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியில் செய்த கார் அது. இரண்டே இருக்கை, மடக்கிவிடும் துணிக்கூரை. எங்களிடம் வரும்போது கோழி அடைகிற தகரமாகத்தான் வந்தது. தட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து உருவத்துக்குக் கொண்டுவந்தது நான். பெயிண்ட் அத்தானுடைய வேலை. டாஷ்போர்டுக்கு அடியில் சுரண்டியபோது ஆதி நிறம் கிடைத்தது. வெளிறிய பச்சை. அதையே அடிப்பது என்று முடிவானது.

அத்தான் நல்லவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டபோது வீட்டில் எல்லோரும் கைகழுவினார்கள். கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். 'அரை டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். வாடிக்கையாளர் முன்னாலும் அப்படித்தான். பழகிவிட்டது.

பெயிண்ட் அறைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. அந்தத் துளை வழியாகத் தூசி வருகிறதென்று அத்தானே அதைக் கழற்றி அடைத்துவிட்டார். வெளியே ஒரு கொண்டி, முக உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே போகும்போது தலையை மூடும் கவசம் மாட்டிக்கொள்வார். அதற்குக் காற்று வெளியே இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகப் போகும். கவசத்துக்குள்ளிருந்து பேசினால் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கண்ணாடியில் கையை விரித்துக் காட்டினால் திற. கதவைத் தட்டினால் திறக்காதே, இன்னும் ஈரம்.

ஒரு தடவை அவர் தட்டியும் நான் திறந்துவிட்டேன். வேன் கூரை முழுக்கத் தூசி படிந்தது. "இனிமே நான் தட்டுனா செத்தவன் மாதிரி உட்காந்திருக்கணும்டா, அரை டிகிரி" என்றார். அக்கா பக்கத்தில் நின்று சிரித்தாள்.

கடைசிப் பூச்சு முடிந்ததும், பெயிண்ட் ஆவியை வெளியே இழுக்கும் விசிறியை நிறுத்தச் சொல்லி சைகை காட்டினார். காற்று ஓடினால் தூசி எழும்பும். நிறுத்தினேன். கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தேன். நான் முழுதாக முடித்த பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

அத்தான் பின் மட்கார்டு அருகே குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியருகே வந்தார். மட்கார்டைச் சுட்டிக்காட்டி உள்ளங்கையை அலைபோல் ஆட்டினார். தகட்டில் நெளிவு. பிறகு விரல்களால் சுரண்டிக் காட்டினார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து.

எங்கள் கம்ப்ரசர் சூடேறினால் தானாக நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். அன்றும் நின்றது. பக்கத்தில் இருந்தது நான். நெளிவு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

காற்று நின்றதும் கவசத்தைக் கழற்றினார். பெயிண்ட் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். அவருக்கு ஏற்கெனவே இழுப்பு. கையை விரித்துக் காட்டினாரா என்று கேட்கிறீர்கள். காட்டினார். கண்ணாடி மங்கலாக இருந்தது என்று முதலில் சொன்னேன். மங்கல் இல்லை. தினமும் துடைப்பவன் நான்தான். பிறகு கை கீழே இறங்கிவிட்டது. அதன்பின் தட்டும் சத்தம் மட்டும்.

அக்கா சாப்பாட்டோடு வந்தாள்.

"எங்கடா அவரு?"

"உள்ள. காயுது."

"அந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம் மனுசன். என்னை எதுக்குக் கட்டுனாரு?"

கதவின் கீழ்ப்பக்கம் தட்டல் கேட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"தட்டுறாரேடா."

"திறக்காதேங்கறாரு."

"நான் எதுக்குத் திறக்கிறேன்? தூசி தூசின்னு வருசம் பூரா சொல்லிக்காட்டவா?" கதவருகே போய்க் குரல் கொடுத்தாள். "ஏங்க, சாப்பாடு வச்சிருக்கேன். உங்க சக்களத்தி விட்டா வந்து சாப்பிடுங்க."

மறுபடியும் தட்டல்.

"சரி சரி, திறக்கலை" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவளை விட்டுவிடுங்கள். அவள் வழக்கப்படி நடந்தாள். நானும் வழக்கப்படிதான் இருந்தேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். அடுத்து நடந்ததையும் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

காய்ந்த பிறகு திறந்தேன். முதலில் பானட் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. அத்தான் கதவடியில் கிடந்தார். மூச்சு இருந்தது. விட்டு விட்டு வந்தது. "அக்காவக் கூப்பிடு" என்றார்.

அவர் கால் டயர் போகும் வழியில் இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். கூரை மடக்கியிருந்ததால் பெயிண்டில் கை படாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காரை வெளியே தள்ள முடிந்தது. வெயிலில் நிறுத்திப் பின் மட்கார்டைப் பார்த்தேன். நெளிவு இருந்தது. அவர் சொன்னது சரி.

திரும்பி வந்தேன். அறை காலியாக இருந்தது. காய வேண்டியது எதுவும் இல்லை. அத்தான் கொஞ்சம் நகர்ந்திருந்தார். அவருடைய விரல்கள் நிலைப்படியின் மேல் இருந்தன. நசுங்கிவிடக் கூடாதென்று அவற்றை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக் கொண்டி மாட்டினேன். பூட்டும் போட்டேன்.