காருக்குத் தெரிந்த ஒரே சாவி

விலை குறைந்த கருவி என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், மெக்கானிக் அண்ணே. காரில் செருகிச் சாவி பதிய நான் வாங்கிய ஸ்கேனர் சோப்பு டப்பா அளவுதான். ஆனால் சொன்ன வேலையைச் செய்யும்.

நீங்கள் உங்கள் பெரிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "இந்தக் காருக்கு ஒரு சாவிதான் தெரியும்ங்குது. ஆனா அது உங்க தங்கச்சி குடுத்த சாவி இல்ல. அப்ப அந்தச் சாவி எங்க இருக்கும்மா?"

என் கைப்பையில் இருக்கிறது. தங்கை உள்ளே, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கும்படி யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

சாவிக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு உண்டு. உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. கார் அதனிடம் 'யார் நீ?' என்று கேட்கும். தெரிந்த சில்லு என்றால் எஞ்சின் ஓடும். தெரியாவிட்டால் இரண்டு நொடி உறுமிவிட்டு அணைந்துபோகும். கதவு திறக்கும், விளக்கு எரியும், ரேடியோ பாடும். எவ்வளவு மரியாதையான மறுப்பு, பாருங்கள்.

முதல் தடவை நடந்தது பிழைதான். அவள் பிறந்தநாளுக்குத் தரலாமென்று, அவளுக்குத் தெரியாமல் ஒரு மாற்றுச் சாவி வாங்கிப் பதிந்தேன். புதிதாகப் பதியும்போது பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும். எல்லாச் சாவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பதிய வேண்டும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. புதியதை மட்டும் போட்டேன்.

மறுநாள் காலை அவளுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு நேர்காணல். வேலை கிடைத்தால் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடுவாள். கார் உறுமியது, அணைந்தது. பத்துத் தடவை முயன்றாள். வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து எனக்கு வெங்காயம் நறுக்கித் தந்தாள். மதியம்வரை சிரிப்பும் பேச்சுமாகப் போயிற்று. அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரி வளர்த்தவள் நான். அப்படி ஒரு நல்ல நாள் எங்களுக்கு வாய்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

சாயங்காலமே பிழை புரிந்துவிட்டது. அவள் சாவியை வாங்கி மறுபடி பதிந்தேன். நான்கு நிமிட வேலை.

"பேட்டரி ஒயர் லூஸா இருந்துச்சுடி" என்றேன்.

"நீ மட்டும் இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது நேர்காணலன்று, அவள் குளிக்கும்போது, புதிய சாவியை மட்டும் பதிந்து அவளுடையதை அழித்தேன். மூன்றாவதன்று, அவள் புடவைக்கு இஸ்திரி போடும்போது. கை பழகிவிட்டதால் இரண்டரை நிமிடம்தான் ஆயிற்று. மற்ற நாட்களில் கார் குறையின்றி ஓடும். "நான் வேலை மாறுறது இந்தக் காருக்குப் பிடிக்கலைக்கா" என்று அவளே கேலி செய்வாள். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வரும்.

இன்று நான்காவது. பதினொரு மணிக்கு. உங்களைக் கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்கிறது. ஒயர் கோளாறு, சரிசெய்ய மத்தியானம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், அண்ணே. அவளைப் போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கார்தான் கிளம்பவில்லை.