அடுத்த வீட்டுக்குப் போகாத மாதா

உக்காருங்க அக்கா, மாதா சிலைய ஒண்ணும் வித்துத் திங்கல. அந்தா, ஐஸ் பெட்டி மேல நிக்கிறாங்க. மீன் வாடையா? அவங்க மகன் கூடவே சுத்துனவன்ல பாதிப்பேரு மீன் பிடிக்கிறவன்தான். அவங்களுக்குப் பழகிப்போச்சு. உங்க மூக்குக்குத்தான் கஷ்டம்.

தெரியும், மாதா சிலை வீட்டுக்கு ஒரு வாரம். ஞாயித்துக்கிழமையே அடுத்த வீட்டுல விட்டிருக்கணும். அதுவும் நானே தூக்கிட்டுப்போய் அவங்க கையில குடுக்கணும். என்ன ஒரு முறைய வச்சிருக்கீங்க கோயில்ல. நீங்க தூக்கிட்டுப் போகக்கூடாதா? சரி விடுங்க, கேட்டுப் பாத்தேன்.

யாரு, எர்லிண்டாவா புகார் சொன்னது? கையில ஜெபமாலையச் சுத்திகிட்டு என் கடையில பாங்குஸ் மீன் செவுளத் தூக்கித் தூக்கிப் பாப்பா. செத்த மீனுக்கு இந்த விலையான்னா. உசுரோட வேணும்னா நீயே குளத்துல எறங்கிப் பிடின்னேன். என்னை மன்னிச்சுட்டாளாம், இலோயிலோ ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுறா. அத மட்டும்தான் பேரம் பேசாம குடுத்திருக்கா.

ஜெபமா? தினம் சொன்னேன், முழுசா. ஒரு வரி தவிர. எங்களுக்குத் தப்பு செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிற மாதிரின்னு வருமில்ல, அங்க வந்ததும் ஐஸ் உருகுதான்னு பாக்க எந்திரிச்சுருவேன். மாதா ஒண்ணும் கோவிச்சுக்கல.

அடுத்த வீடு தெல்பினா வீடுன்னு எனக்குத் தெரியாதா? நடுவுல ஒரு சாக்கடைதான். போன வாரமே வாசலக் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டுட்டா. சாயங்காலமானா மெழுகுவத்திய ஏத்தி வச்சுகிட்டு என் வாசலையே பாக்குறா. வாயத் தெறந்து கேக்க மாட்டா. எப்படிக் கேப்பா?

காப்பியக் குடிச்சு முடிங்க, போலாம். ஆமா, இப்பவேதான். இன்னும் நேரமாச்சுன்னா மனசு மாறிருவேன். மழை தூறுது, குடைய மாதாவுக்குப் பிடிங்க, எனக்கு வேணாம். கதவ நீங்கதான் தட்டணும்.

அவ மகன் வந்து தெறந்தா கொஞ்சம் முன்னால நின்னுக்கங்க. நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு, தெரிஞ்சிருக்காது. குடிச்சுட்டு பைக் ஓட்டுனவன் அவன். பின்னால உக்காந்து போனது எங்க பையன் ரமிலோ. இவன் நொண்டிகிட்டாவது வீடு வந்துட்டான்.

பயப்படாதீங்க, அடிக்க மாட்டேன். ரெண்டு கையிலயும் மாதா இருக்காங்கல்ல. அந்த மட்டுக்கும் உங்க முறை நல்ல முறைதான்.