அவசரப்படுத்துகிறவர்களை நம்பாதீர்கள்

மதியத்துக்குமேல் என் குரல் கம்மிவிடும். அதனால் முக்கியமான அழைப்புகளைக் காலையிலேயே முடித்துவிடுவேன். நர்ஸம்மாவுக்கும் பத்து மணிதான் தோது. துணி காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கத்தில் முதலீடு என்று சொன்ன ஏதோ ஒரு செயலியை நம்பிச் சேமிப்பைத் தொலைத்திருந்தார். அது நானில்லை. அப்படித் தொலைத்தவர்களின் பட்டியல் எங்கள் தொழிலில் விலைக்குக் கிடைக்கும். ஏமாந்தவர் வெட்கத்தில் வெளியே மூச்சுவிட்டிருக்க மாட்டார், அதுதான் பட்டியலுக்கு மதிப்பு. நான் மோசடி மீட்புப் பிரிவு அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பாடம்தான் எடுத்தேன்.

"விலை ஏறப்போகுது, இன்னைக்கே வாங்குங்கன்னு எவன் சொன்னாலும் போனை வச்சிடுங்கம்மா. அவசரப்படுத்துறவன் திருடன்."

"இருங்க சார், எழுதிக்கிறேன்."

சந்தை விலைக்குக் கீழே தங்கம் தருகிறவன், வெள்ளிக் கட்டியைக் கண்ணில் காட்டாமல் சான்றிதழை மட்டும் அனுப்புகிறவன், ஓடிபி கேட்கிறவன் என எல்லாரையும் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒரே பேச்சைத் தினமும் முப்பது பேரிடம் பேசி நாக்கு மரத்துப்போயிருந்தது. அவரிடம் மட்டும் அலுப்பைக் காட்டியதில்லை.

மூன்றாம் வாரம் சொன்னேன். "அந்தக் கும்பல்கிட்ட உங்க விலாசம் இருக்கும்மா. வீட்ல நகை இருந்தா எங்க பெட்டகத்துல வைக்கலாம். அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

அதிலிருந்து நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். மகளின் நகைகளும் தன்னிடம்தான் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, பேத்திக்குக் காது கேட்காது, அடுத்த மாதம் ஆபரேஷனுக்காக எடுத்துவைத்தது என்றார். நான் கேட்காமலே சொன்னது.

எங்கள் ஆள் நகையை வாங்கப் போகவேண்டிய காலையில் மகள் வந்துவிட்டாள். போன் இணைப்பில் இருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"அம்மா, போனை வை. இப்பவே வை. அந்த டப்பாவை என்கிட்ட குடு."

"ஏன்டி இப்படி அவசரப்படுத்துற?"

டப்பா இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார், பெத்த பொண்ணுகிட்டயும் ஜாக்கிரதையா இருக்கணுமா?"

"அதை நீங்கதாம்மா முடிவு பண்ணணும்" என்றேன்.

முடிவு பண்ணினார். மகள் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு மணி நேரத்தில் பிஸ்கட் டப்பா எங்கள் கைக்கு வந்தது. பதினோரு நாள் அவர் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்துப் பேசினேன். பிறகு சிம்மை உடைத்துப் போட்டேன். ஆமாம், நான்தான் எடுத்தேன். குழந்தையின் காதுக்கு வைத்தது என்று தெரிந்தேதான் எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்கள் விசாரிக்கப் போனபோது அவர் கதவைத் திறக்கவில்லையாம். ஜன்னல் வழியாக அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, "எங்க அதிகாரியைக் கேட்டுட்டுத்தான் பேசுவேன்" என்று சொல்லி, செத்துப்போன என் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது உங்கள் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஐயா. முன்பெல்லாம் யார் கூப்பிட்டாலும் நம்பிவிடுகிற மனுஷி அவர். இனி ஒருத்தராலும் அவரை ஏமாற்ற முடியாது. அந்த மட்டுக்கும் நான் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.