மஸ்கட்டிலிருந்து சைக்கிள்

காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் மாதுளம்பழப் பை. பஸ் கிளம்பியதும் மகள் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"அத்தா, மஸ்கட் வரைக்கும்தான் ஃப்ளைட். அங்கேருந்து ஆப்பிரிக்காவோட தென்முனை வரைக்கும் சைக்கிள்லயே போகலாம்னு இருக்கேன்."

"தனியாவா?"

"இல்ல. கூடப் படிச்ச ரெண்டு பொண்ணுங்களும் வராங்க."

"எங்க தூங்குவீங்க?"

"டென்ட் வாங்கிட்டோம் அத்தா."

"வாங்கியாச்சா? அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் சொல்றே."

"இல்ல. நீங்க வேணாம்னு சொன்னா நான் போகல."



"சவூதியைத் தாண்டணுமேம்மா. அங்க லாரி ஓட்டுனப்ப பார்த்திருக்கேன். ஒதுங்க ஒரு நிழல் இருக்காது."

அவர் பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"குளிர்காலத்துல கிளம்புங்க," என்றார். "வெயில் ஏறுறதுக்குள்ள அந்தப் பாலைவனத்தைத் தாண்டிடணும்."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். முகம் எனக்குத் தெரியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க எழுந்தபோதுதான் மறுபடி பேசினாள்.

"அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

"நீ சொல்லாதே," என்றார், பையைத் தூக்கிக்கொண்டு. "நீ சொன்னா அவ அழுவா. நான் சொன்னா என்னையத் திட்டுவா. திட்டுனா பரவால்ல."