விலாவில் ஓர் இடி

— நீங்களே கேளுங்க மச்சான். கூடப் பொறந்தவர்கிட்டயாவது உண்மையச் சொல்லட்டும். ராத்திரியானா உங்க தங்கச்சி எதுக்கு என் விலாவுல முழங்கையால இடிக்கறான்னு கேளுங்க.

— இரு லோம்பே மாப்பிள்ள, அந்தக் கேட்டுல சாயாத, பெயிண்ட் இன்னும் காயல. இப்படி உக்காரு. கசுபா, நீயும் உக்காரும்மா. பானையில முங்கோயோ இருக்கு, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்ச விட்டு வந்ததும் சண்ட போட, இந்தக் கிட்வே ஊர்ல என் வெல்டிங் பட்டறைதான் கெடச்சுதா?

— வேற யார்கிட்ட போறது? நான் பஸ் ஓட்டறவன். லுசாகாவுக்குப் போக அஞ்சாறு மணி நேரம், வர அதே. வீட்டுக்கு வந்து படுத்தா கட்டையா விழணும். விடுறாளா இவ? பத்து தடவ எழுப்பறா. ஒருநாள் மூஞ்சில தண்ணியே ஊத்திட்டா.

— தண்ணியா? ஊத்தினியா கசுபா?

— ஊத்தினேன்.

— பாத்தீங்களா, கூசாம சொல்றா. கண்ணத் தொறந்தா கட்டில் விளிம்புல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கா. காலையில மண்டையப் பொளக்குது, வாய் வறண்டு கெடக்குது. சாயங்காலத்து டீய நிறுத்தினேன். ரேடியோவ நிறுத்தினேன். புது மெத்த வாங்கினேன். என்ன செஞ்சு என்ன, விடிஞ்சா அடிச்சுப் போட்டாப்ல இருக்கு. வியாழக்கிழமை கபிரி தாண்டினதும், பட்டப்பகல்ல, கண் அசந்துட்டேன் மச்சான். பஸ் ரோட்ட விட்டு எறங்கி சரளைல ஓடிருச்சு. உள்ள அறுபத்தஞ்சு பேர்.

— யாருக்கும் அடி கிடி?

— இல்ல. ஆனா கைக்குழந்தையோட ஒரு பொம்பள எறங்கி வந்து என்னைப் பாத்தா. முதலாளி சாவிய வாங்கி வச்சுக்கிட்டார்.

— இவ்வளவு நடந்திருக்கு, நீ சொல்லு கசுபா. இவர் மேல சந்தேகமா? லுசாகால வேற எவளாவது...

— அதேதான் மச்சான், பொறாமை. இன்னிலேர்ந்து நான் தனி ரூம்ல படுக்கறேன், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு. உங்க முன்னாடி அவ சரின்னு சொல்லட்டும்.

— தாழ்ப்பாள் போடக் கூடாது.

— ஏன் போடக் கூடாது? நான் நிம்மதியாத் தூங்கறது உனக்கு அவ்வளவு உறுத்துதா?

— ஏழு மாசமா நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல. அது யாருக்காவது உறுத்திச்சா? கிளினிக்ல நர்ஸம்மா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு மூணு தடவ சொன்னேன். குறட்டைக்கெல்லாம் ஆஸ்பத்திரி போனா டிப்போவே சிரிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?

— குறட்டையா விஷயம்? காதுல பஞ்ச வச்சுக்கிட்டுத் தூங்க வேண்டியதுதானம்மா. நம்ம அப்பா விடாத குறட்டையா?

— அப்பாவுது விடிய விடிய ஓடும் அண்ணே. இவருக்கு நடுவுல நின்னு போகுது. கூடவே மூச்சும் நிக்குது. நான் எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கேன். நேத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன், இடிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு.